ஒரு பியர் குடித்துவிட்டு ஓட்டோ ஓட்டலாமா? தலவாக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தலவாக்கலைப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறீர்கள். உங்கள் ஸ்டாண்டில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் இரவு, மது குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பொலிஸார் கொடுக்கிற பலூனை ஊதிப் பிடிபட்டுவிட்டார். ஒரேயொரு ஸ்ட்ரோங் பியர்தான் குடித்தேன் என்கிறார், இப்போது நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. உங்களுக்கோ அடுத்த மாதம் பண்டாரவளையில் மச்சான் கல்யாணம். வீட்டாரை உங்கள் ஓட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போய் இரவே திரும்புவதாகத் திட்டம். எவ்வளவு குடித்தால் பிடிபடாமல் வரலாம், எலுமிச்சம்பழம் சப்பினால் பலூனில் காட்டாதா, பிடிபட்டால் அதிகபட்சம் என்ன செய்வார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கல்யாண வீட்டில் நாலு பேரோடு சேர்ந்து கொஞ்சம் குடித்துவிட்டு, அக்கா பிள்ளைகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு இரவில் மலை இறங்கி ஏறலாமா என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்ற மூன்றும் வழியில் வரும்.

நான் சட்டத்தரணி இல்லை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் பல வருடம் வேலை செய்த வைத்தியர். இரவில் பொலிஸார் கூட்டிக்கொண்டுவரும் சாரதிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவதும், பிறகு நீதிமன்றத்தில் போய்ச் சாட்சி சொல்வதும் அந்த வேலையில் ஒரு பகுதி. அதனால் உடம்புக்குள் மது என்ன செய்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட வழக்கை எப்படி வாதாடுவது என்பது சட்டத்தரணியின் வேலை. அதில் நான் தலையிடவில்லை.

முதலில் சட்டம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவுதான் நம் எல்லோருக்கும் பொருந்துவது. மது அருந்திவிட்டு, அல்லது போதைப்பொருள் எடுத்துவிட்டு, வீதியில் வாகனம் ஓட்டக்கூடாது என்பதே அதன் சாரம். சரி, மது அருந்தியவர் என்று யாரைக் கணக்கெடுப்பது? 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் மது அருந்தியவர் என்றே கொள்ளப்படுவார். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், கார், கொழுந்து லொறி எல்லாவற்றுக்கும் இந்த 80தான் எல்லை. இங்கிலாந்திலும் 1967இலிருந்து இதே எண்தான். ஆனால் அவுஸ்திரேலியாவில் 50. இந்தியாவில் 30. நம்மூரில் 60 மில்லிகிராமோடு ஓட்டுகிற ஒருவர் தமிழ்நாட்டில் அதே நிலையில் ஓட்டினால் அது குற்றம். உலக சுகாதார நிறுவனம் பொதுவான சாரதிகளுக்கு 50க்கு மேல் போகக்கூடாது என்றும், புதிய சாரதிகளுக்கும் கூலிக்கு ஓட்டுகிறவர்களுக்கும் 20 போதும் என்றும் சொல்கிறது. ஆகவே 80 என்பது உலகத்தில் இருக்கிற தாராளமான எல்லைகளில் ஒன்று. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

இப்போது ‘எவ்வளவு குடித்தால்’ என்ற கணக்குக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்கிறேன். 4.8 சதவீத சாதாரண லாகர், 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 24 கிராம் மதுசாரம் இருக்கிறது. அது முழுவதும் இரத்தத்தில் கலந்தால் 55 முதல் 60 மில்லிகிராம் வரை காட்டும். அதே அளவு போத்தலில் 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் என்றால் 43 கிராம். இரத்தத்தில் 100 அளவுக்கு ஏறும். கால் போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், ஏறத்தாழ 47 கிராம். கவனித்துப் பாருங்கள், ஒரு ஸ்ட்ரோங் பியரும் கால் போத்தல் சாராயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். “நான் சாராயம் தொடமாட்டேன் டொக்டர், பியர் மட்டும்தான்” என்று என் முன்னால் வந்து நின்றவர்கள் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. பியர் என்றால் லேசானது என்று உண்மையாகவே நம்பிக் குடித்திருக்கிறார்கள். உங்கள் நண்பரும் ஒரேயொரு போத்தல் என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஒன்றே போதும்.

இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு ‘அப்போ ஒரு லாகர் பரவாயில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இங்கேதான் நிச்சயமில்லாத பகுதி இருக்கிறது. 50 கிலோ உடம்புக்கு அதே போத்தல் இன்னும் கூடுதலாக ஏறும். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதைவிடவும் ஏறும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியிலேயே உச்சத்துக்குப் போகும், சாப்பாட்டோடு குடித்தால் ஒன்றரை மணி நேரம்கூட எடுக்கும். கல்யாண வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை, பாதி கிளாஸ் முடியுமுன்னே இன்னொருவர் வந்து நிரப்பிவிடுவார். தோட்டப்பக்கம் கிடைக்கிற கசிப்பில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. ஆக, 80 என்ற எல்லை சட்டப்புத்தகத்தில் துல்லியமாக இருந்தாலும், குடிக்கிற மனிதன் தன் உடம்புக்குள் அதை அளந்துபார்க்க வழியே இல்லை. ‘எனக்கு ஒன்றும் ஏறவில்லை’ என்ற உணர்வும் அளவுகோல் ஆகாது. பழக்கப்பட்டவருக்கு நடையும் பேச்சும் தெளிவாகவே இருக்கும், இரத்தத்தில் 120 இருக்கும்.

உடம்பு மதுவைக் கழிக்கிற வேகம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் மலையகத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது இதற்காகத்தான். ஈரல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 15 மில்லிகிராமைக் குறைக்கும். சிலருக்கு 10, சிலருக்கு 20. இதை எதனாலும் வேகப்படுத்த முடியாது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி அரைப் போத்தல் சாராயம் குடித்த 60 கிலோ ஆள் ஒருவர், நன்றாகத் தூங்கி எழுந்து காலை ஆறு மணிக்கு ஸ்கூல் வேனை ஸ்டார்ட் பண்ணும்போது அவர் இரத்தத்தில் இன்னும் 90 அளவில் இருக்கலாம். முகம் கழுவி, சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்திருப்பார். யாருக்கும் சந்தேகம் வராது. அவருக்கே வராது. தீபாவளிக்கு மறுநாள், தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள், சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் ஓடுகிற வாகனங்களை நினைத்துப் பாருங்கள். ‘இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிறேன்’ என்பது நல்ல யோசனைதான். ஆனால் எவ்வளவு குடித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்துக் காலை என்பது பத்து மணியாகவும் இருக்கலாம், மத்தியானமாகவும் இருக்கலாம்.

எலுமிச்சம்பழம், வெற்றிலை, கொய்யா இலை, பற்பசை, கடுங்கோப்பி, பச்சைத்தண்ணீரில் குளிப்பது எல்லாம் கேட்டிருக்கிறேன். ஒன்றும் வேலை செய்யாது. வாயில் இருக்கிற வாடையைப் பலூன் அளப்பதில்லை. இரத்தத்தில் இருக்கிற மதுசாரம் நுரையீரலின் ஆழத்தில் மூச்சுக்காற்றோடு கலந்து வருகிறது, அதைத்தான் அளக்கிறது. வாயில் எதைச் சப்பினாலும் நுரையீரல் மாறப்போவதில்லை. கோப்பி தூக்கத்தைக் கொஞ்சம் கலைக்கும், ஈரலை வேகமாக ஓடவைக்காது. குளிருக்காகக் கொஞ்சம் என்பதும் நம்மூரில் ஆழமாக ஊறின நம்பிக்கை. மது தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக்குழாய்களை விரிக்கிறது, அதனால் உடம்பு சூடானது போலத் தெரிகிறது. உள்ளே இருந்த சூடுதான் அப்படித் தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நுவரெலியாக் குளிரில் குடித்துவிட்டு ரோட்டோரத்தில் படுத்தவர்களை உடம்பு விறைத்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவருவது இதனால்தான்.

சாதனத்தைப் பற்றி ஒரு விஷயம். பொலிஸார் பல காலமாகப் பாவிக்கிற அந்தச் சிறிய குழாயில் மஞ்சள் நிற இரசாயனம் இருக்கிறது, மதுசார ஆவி பட்டால் பச்சையாகும். குடித்துச் சில நிமிடங்களுக்குள் ஊதினால் வாயில் தங்கியிருக்கும் மதுவால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இதனால்தான் கடைசியாகக் குடித்து 15 நிமிடமாவது கழித்து ஊதவைப்பது முறை. அரிஷ்டம் குடித்தேன், இருமல் பாணி குடித்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. அரிஷ்டத்தில் மதுசாரம் இருப்பது உண்மைதான். ஆனால் வைத்தியர் சொன்ன அளவில் குடித்த அரிஷ்டம் யாரையும் 80க்குக் கொண்டுபோகாது. அது உண்மையான காரணம் என்றால், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊதும்போது நிறம் மாறாது. இன்னொன்று, தடிமனுக்குப் பிரிட்டோன் (Piriton) என்கிற, தூக்கம் வரவைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பியர் குடிப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும். பலூனில் 80க்குக் கீழே காட்டினாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகும்.

ஊதமாட்டேன் என்று மறுத்தால் என்ன? இதைப் பலபேர் புத்திசாலித்தனமான வழி என்று நினைக்கிறார்கள். பரிசோதனைக்கு மறுத்த சாரதி மது அருந்தியிருந்தார் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் வந்துவிடும். அதுவும் உண்மையிலேயே குடிக்காதவருக்கு அந்தப் பரிசோதனைதான் ஒரே பாதுகாப்பு. ஆகவே மறுக்கவேண்டாம், ஓடவேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். கையில் ஏதாவது வைத்து முடித்துவிடலாம் என்று ஸ்டாண்டில் சொல்பவர்கள் இருப்பார்கள். இலஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம், அதற்கான தண்டனை இதைவிடப் பாரதூரமானது. வாக்குமூலம் எழுதினால் உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். பணிவாகக் கேட்டால் போதும், அது உங்கள் உரிமை.

பொலிஸார் சந்தேகப்பட்டால் அரச வைத்தியரிடம் கூட்டிப்போகலாம். நாங்கள் என்ன பார்க்கிறோம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சில் வாடை, பேச்சு, கண் அசைவு, கண்மணி, நாடித்துடிப்பு, நேர்கோட்டில் நடை, கண்ணை மூடி நிற்கும்போது ஆட்டம், விரலால் மூக்கைத் தொடும் பதம், இவைதான். சம்மதம் கேட்டுத்தான் தொடங்குவோம். வாடை இருக்கிறது என்பது வேறு, மதுவின் ஆதிக்கத்தில் இருக்கிறார் என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து எழுதுவோம். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்றை இங்கே எழுதாமல் போகமுடியாது. விபத்தில் விழுந்தவர் ஒருவர், வாயில் சாராய வாடை, குழறிக் குழறிப் பேசுகிறார், நிற்கமுடியாமல் தள்ளாடுகிறார் என்றால் கூடியிருக்கிற எல்லோரும் ‘வெறி’ என்று சொல்லிவிட்டு ஓர் ஓரமாகப் படுக்கவைத்துவிடுவார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் இதே மாதிரித்தான் இருக்கும். குடித்தவருக்குத் தலையில் அடிபடாது என்று ஒரு விதியும் இல்லை. அப்படி ஒருவரைக் கண்டால் தூங்கவிடாமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்தச் சேவை இலவசம். காலையில் எழும்பிவிடுவார் என்று வீட்டில் படுக்கவைத்து எழும்பாமலே போனவர்களின் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தண்டனை. இது ரோட்டிலேயே சீட்டு எழுதித் தபாற்கந்தோரில் கட்டி முடிக்கிற தண்டப்பணம் இல்லை. நீதவான் நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும். முன்பு சில ஆயிரம் ரூபாவோடு முடிந்த காலம் இருந்தது. 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மது அருந்தி ஓட்டியதற்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபா, கூடியது 30,000. இதோடு 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம், சாரதி அனுமதிப்பத்திரத்தை 12 மாதம் வரை நிறுத்தியும் வைக்கலாம். ஒருவருக்குக் காயம் பட்டால் தண்டம் இன்னும் கூடும். ஓர் உயிர் போய்விட்டால் ஒரு இலட்சத்துக்குக் குறையாத தண்டம், 10 ஆண்டு வரை சிறை, அனுமதிப்பத்திரம் இரத்து. அதற்கு மேலாக, கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவிலும் வழக்குப் போடலாம், அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. இவை சட்டத்தில் இருப்பவை. ஒரு குறிப்பிட்ட நீதவான் எத்தனை மாதம் அனுமதிப்பத்திரத்தை நிறுத்துவார் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. முதல் தடவையா, விபத்து நடந்ததா, பயணிகள் இருந்தார்களா, பொலிஸாரோடு எப்படி நடந்துகொண்டார் என்பவற்றையெல்லாம் பார்ப்பார்கள். ‘எனக்குத் தெரிந்தவருக்கு லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்’ என்று யாராவது சொன்னால் அதை உத்தரவாதமாக எடுக்காதீர்கள்.

25,000 ரூபா பெரிய தொகைதான். ஆனால் ஓட்டோக்காரர் ஒருவருக்கு உண்மையான தண்டனை அந்த 12 மாதம். அனுமதிப்பத்திரம் இல்லாத ஒரு வருடத்தில் ஹயர் இல்லை, ஆனால் லீசிங் கட்டணம் மாதாமாதம் வந்துகொண்டேயிருக்கும். கட்டத் தவறினால் வண்டியையே தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வருடத்தில் ஒளித்து மறைத்து ஓட்டினால் அது இன்னொரு வழக்கு. தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்து, அப்பா சேமலாப நிதியை எடுத்து, அக்காவின் நகையை அடகு வைத்து முதல் பணம் கட்டி வாங்கின வண்டிகள்தான் நம் பக்கத்து ஸ்டாண்டுகளில் பாதிக்கு மேல் நிற்கின்றன. லயத்து அறையை விட்டு வெளியே வர ஒரு பிள்ளைக்குக் கிடைத்த முதல் படி அது. அந்தப் படி ஒரு போத்தலில் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபம் அந்தப் பையன்மேல் இல்லை. ஒரு ஸ்ட்ரோங் பியர் என்றால் கால் போத்தல் சாராயம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே என்றுதான் ஆத்திரம் வரும்.

காப்புறுதியையும் யோசியுங்கள். பெரும்பாலான முழுக் காப்புறுதி ஒப்பந்தங்களில் சாரதி மது அருந்தியிருந்தால் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்துப் பாருங்கள். வண்டி பள்ளத்தில் கிடக்க, லீசிங் மட்டும் மிச்சமாக இருக்கிற நிலைமை வரக்கூடாது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிற விஷயம். பலூனில் பிடிபடாத அளவு என்று ஒன்று இருந்தாலும், அந்த அளவோடு நீங்கள் வரப்போகிற வீதி எது? பண்டாரவளையில் இருந்து வெலிமடை, அங்கிருந்து ஹக்கலை ஏற்றம், நுவரெலியா, நானுஓயா, அப்புறம் தலவாக்கலை. இரவில் ஹக்கலைக்கு மேலே மூடுபனி இறங்கினால் வெள்ளைக்கோடுகூடத் தெரியாது. எதிரே வருகிற லொறியின் ஹெட்லைட் கண்ணில் அடித்தால், குடிக்காத கண் மறுபடி தெளிவதற்கே சில நொடி வேண்டும். மது அந்த நேரத்தை நீட்டுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கிற திறன் 50க்கும் கீழேயே குறைய ஆரம்பித்துவிடும். வளைவு, எதிர் வாகனம், ரோட்டோரத்து மண்சரிவு, பின்னால் பிள்ளையின் அழுகை என்று மலைப்பாதையில் ஓட்டுவதே அந்தத் திறனை வைத்துத்தான். 80இல் விபத்து நடக்கும் வாய்ப்பு குடிக்காதவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அகலமான, தட்டையான நகர வீதிகளில் நடந்தவை. நம் வீதிகளுக்கு அந்த எண் கூடுமா என்று அளந்தவர் எவரையும் நான் அறியேன். கூடும் என்பது என் அபிப்பிராயம், அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஓட்டோ ஒரு நொடியில் 11 மீற்றர் நகரும். பிரேக்கில் கால் வைக்க அரை நொடி பிந்தினால் ஐந்து மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். நம் வளைவுகள் பலவற்றில் அந்த ஐந்து மீற்றர் வீதியில் இல்லை, பள்ளத்தில்தான் இருக்கிறது. ஓட்டோவுக்குக் கதவுமில்லை, பின் சீட்டில் பெல்ட்டுமில்லை.

இந்த நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டியெல்லையில் பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதை மதுவோடு முடிச்சுப் போடுவதற்காகச் சொல்லவில்லை. தவறு எதுவாக இருந்தாலும் மலை வீதி அதை மன்னிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சமவெளியில் வேலியில் மோதி நிற்கிற அதே பிழை இங்கே நூறு அடி கீழே போய்த்தான் நிற்கும். இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். மலையகத்தான் என்றாலே குடிகாரன் என்று பேசுகிறவர்கள் உண்டு. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டு எங்களிடம் வருகிறவர்களில் வெளியூர்க் கார்க்காரர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் வந்து பார்க்கவேண்டும். இது எந்த ஒரு சனத்தின் குணமும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டுகிற எவனுக்கும் இரத்தம் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும்.

ஆகவே உங்கள் கல்யாணத்துக்கு என் நேரடியான பதில்: ஓட்டோவை நீங்கள்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அன்றைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். குடிக்கத்தான் வேண்டும் என்றால் ஓட்டோவைத் தலவாக்கலையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இரண்டில் எது என்பதை வீட்டைவிட்டுக் கிளம்புமுன் முடிவெடுங்கள். கல்யாண வீட்டில் வைத்து முடிவெடுக்க விட்டால் மாமன் மச்சான்மார் உங்களுக்காக முடிவெடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் தங்கச்சி புருஷன் ஒரு கிளாஸ்கூட வாங்கவில்லை என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தச் சங்கடம் எனக்கு விளங்குகிறது, நானும் இதே ஊர்களில் கல்யாணம் காட்சிக்குப் போகிறவன்தான். ‘பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவேண்டும்’ என்று உங்கள் மனைவியையே எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதை நான் அதிகம் கண்டதில்லை. குடிக்காத தம்பி ஒருவனை ஓட்டவைக்கலாம் என்றால் அவனிடம் அந்த வாகனத்துக்குரிய அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் அதற்கும் தண்டம் 25,000 ரூபாவில் இருந்துதான் தொடங்கும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்குப் பிடிப்பது பெரும்பாலும் மலிவாக முடியும். ஆனால் அந்த வேன் சாரதிக்கும் யாராவது ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொடுக்கிற பொறுப்பைக் குடிக்காத ஒருவர் கையில் எடுங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர் விஷயம். குறிப்பிட்ட நாளில், நேரத்துக்கு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள். போகாவிட்டால் பிடியாணை வரும், அப்புறம் சின்ன வழக்கு பெரிதாகிவிடும். தண்டப்பணத்துக்கான காசைக் கையோடு கொண்டுபோகவேண்டும், இல்லாவிட்டால் கட்டும்வரை உள்ளே இருக்கவேண்டிவரும். ஊதியது எத்தனை மணிக்கு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வைத்தியரிடம் காட்டினார்களா என்பவற்றை இப்போதே மறக்காமல் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். சட்டத்தரணி முதலில் கேட்பது இவற்றைத்தான். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. குறைந்த வருமானக்காரருக்கு அவர்கள் இலவசமாக ஆலோசனை தருவார்கள், பல நீதிமன்ற வளாகங்களிலேயே அவர்களுக்கு அலுவலகம் உண்டு. வருமானத்தைக் காட்டக் கிராம சேவகரின் கடிதம் ஒன்றை வழக்குக்கு முந்திய வாரமே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அனுமதிப்பத்திரத்தை நிறுத்தி வைத்தால் எந்தத் திகதிவரை என்பதை அங்கேயே தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தத் திகதி வரும்வரை ஸ்டாண்டில் வேறு யாராவது, உரிய அனுமதிப்பத்திரம் உள்ளவர், நாள் வாடகைக்கு அவர் வண்டியை ஓட்ட முடியுமா என்று நீங்கள் இப்போதே பேசிப் பாருங்கள். லீசிங் நிறுவனத்திடமும் முதல் தவணை தவறுமுன்னே போய்ப் பேசினால் ஏதாவது ஒழுங்கு செய்து தரக்கூடும்.